இரண்டு சாட்சி கேட்ட நட்சத்திரம்

மழையைப் பற்றி எங்கள் தைப்பிங்காரர்களிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. மலேசியாவிலேயே அதிகம் நனைகிற ஊர் எங்களுடையது. காலையில் காயப்போட்ட துணியை மாலையில் ஈரமாகவே மடித்து வைக்கிறவர்கள் நாங்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு வானத்தைத்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்தால் அது என் தலையெழுத்து, வேறென்ன?

பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பொழுது சாய்ந்தால் ஒரு சின்னத் தொலைநோக்கி, அதன் பின்னால் ஒரு கேமரா, அதிலிருந்து மடிக்கணினிக்கு ஒரு வயர். நான் நட்சத்திரங்களை அழகு பார்ப்பதில்லை. அவற்றின் வெளிச்சத்தை அளக்கிறேன். தூரத்து நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் கோள், நமக்கும் அதற்கும் குறுக்கே போனால் நட்சத்திரம் மயிரிழை அளவு மங்கும். கோள் கண்ணுக்குத் தெரியாது, மங்குவது மட்டும் தெரியும். இப்படி ஒரு கோள் தன் நட்சத்திரத்தைக் கடப்பதை முதன்முதலாக அளந்தது தொண்ணூற்றொன்பதில். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம்.

இரண்டாயிரத்து ஆறில் எனக்கென்று ஒரு நட்சத்திரம் சிக்கியது. மூன்று நாளைக்கு ஒருமுறை, நூறில் ஒன்றரைப் பங்கு மங்கியது. யார் பட்டியலிலும் இல்லாத மங்கல். ஒரு நாள் அது இறங்குவதைப் பார்த்தேன், மழை வந்துவிட்டது. இன்னொரு நாள் ஏறுவதைப் பார்த்தேன், அதற்கு முன்புவரை மழை. நடுவில் அடிப்பகுதி எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. எல்லாமே அந்த அடியில்தான் இருந்தது. கோள் என்றால் வெளிச்சம் இறங்கி, தாம்பாளம் போலத் தட்டையாகச் சிறிது நேரம் கிடந்து, பிறகு ஏறும். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றும்போது ஓரத்தில் உரசிக்கொள்வதாக இருந்தால் புனல் போலக் கூராக இறங்கி உடனே ஏறும். பெரிய தொலைநோக்கி வைத்திருக்கும் பேராசிரியர் ஒருவருக்கு எழுதினேன். முழு வளைவு ஒன்றைக் கொண்டுவாருங்கள், இன்னொருவர் தனியாக அளந்ததும் தட்டையாக இருந்தால் மேலே பார்க்கலாம் என்று இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது.

இணையத்தில் எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கு ஒரு குழு உண்டு. அதில்தான் ஹாஜா பழக்கம். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்து, ஊர் திரும்பும் வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய தொலைநோக்கியோடு சொந்த ஊரான லெப்பைக்குடிக்காட்டுக்கு வந்து சேர்ந்தவர். 'எங்கூருல மழை ஐப்பசியிலதான் டீச்சர், அதுக்குள்ள வந்துடுங்க' என்று எழுதினார். என் வீட்டுக்காரர் பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "கோள் கெடைச்சா எம்பேரு வைக்க வேணாம், கெடைக்காட்டி எம்மேல எரிஞ்சு விழவும் வேணாம்" என்றார். மனுஷர் என்னை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்.

திருச்சி விமான நிலையத்தில் என் தொலைநோக்கியைப் பிரித்துப் பார்த்த அதிகாரி, "இதுல என்ன தெரியும்?" என்று கேட்டார். நட்சத்திரம் மங்குவது தெரியும் என்றேன். "நல்லா தெரியறதுக்குத்தானே வாங்குவாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே மூடிக் கொடுத்தார்.

பெரம்பலூர் பஸ் நிலையத்துக்கு ஹாஜா ஒரு வாடகை வேனோடு வந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லி, சட்டைப் பையில் இரண்டு பேனா. ரமலான் தொடங்கியிருந்த நேரம் அது. வழியில் டீக்கடையைப் பார்த்ததும் எனக்காக வண்டியை நிறுத்தச் சொல்லி, அவர் மட்டும் வெளியே நின்றார். எனக்கு டீ இறங்கவில்லை.

வீட்டில் அவர் மனைவி ஜமீலா வாசலிலேயே, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். எங்கள் மலேசியத் தமிழர்கள் காலையில் பார்த்தவுடன் கேட்கிற அதே வார்த்தை. சென்னையில் இப்படிக் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இங்கே கடல் தாண்டி வந்தும் பக்கத்து வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. நோன்போடு எனக்குத் தனியாகச் சோறும் கறியும் ஆக்கி வைத்திருந்தார். உப்பு சரியா என்று அவரால் பார்க்க முடியாது, என்னைப் பார்க்கச் சொன்னார். அதைத் தின்று முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். "நாளையிலேருந்து எனக்குப் பகல்ல அடுப்பு பத்த வைக்காதீங்க. நானும் நோம்பு."

"உங்களால முடியாது டீச்சரக்கா."

"நாப்பது பிள்ளைங்களுக்குப் பின்னம் சொல்லிக் குடுக்கறவ நான். பசியா பெரிசு?"

சும்மா சொல்லக் கூடாது, பசி பெரிசுதான். மறுநாள் சாயங்காலம் பள்ளிவாசல் சங்கு ஊதியபோது பேரீச்சம்பழத்தைக் கொட்டையோடு விழுங்கியிருப்பேன். பிறகு நோன்புக் கஞ்சி வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களிலும் ரமலானில் கஞ்சி கொடுப்பார்கள், புபூர் லம்புக் என்று பேர். அதில் தேங்காய்ப்பால் தூக்கலாக இருக்கும். இதில் பூண்டும் வெந்தயமும் கறித்துணுக்கும். கூட ஒரு பருப்பு வடையைப் பிய்த்துப் போட்டுக் குடித்தால் உச்சந்தலைவரை உயிர் வருகிறது.

அன்றைக்குத்தான் முதல் வாய்ப்பு. இருட்டி ஒரு மணி நேரத்தில் நட்சத்திரம் மங்கத் தொடங்கி, இரண்டு மணி நேரத்தில் தெளிய வேண்டும். மொட்டை மாடியில் ஹாஜாவின் பெரிய தொலைநோக்கியில் என் புதிய கேமராவை மாட்டினோம். ஒரே ஒரு தொல்லை, எதிரே பள்ளிவாசல் மினாரா. ரமலானுக்காக உச்சிவரை சீரியல் பல்புகள் போட்டு ஜகஜகவென்று இருந்தது. ஹாஜா ஜமாத் தலைவரிடம் போய்ப் பேசினார். "வெளியூருலேருந்து வந்த விருந்தாளி, ரெண்டு மணி நேரம்தானே" என்று அவர் தாராளமாக ஒத்துக்கொண்டாராம். சொன்னபடியே மினாரா இருண்டது. அந்த நல்ல மனசுக்கு நான் மாடியிலிருந்தே கும்பிடு போட்டேன்.

வளைவு அழகாக இறங்கியது. திரையில் நிமிஷத்துக்கு ஒரு புள்ளி, ஒன்றுக்குக் கீழே ஒன்று. அடியைத் தொடப்போகிற நேரம் பார்த்துப் பக்கத்து மாடியில் பளீரென்று ஒரு வெளிச்சம் எழுந்து நேராகத் தொலைநோக்கிக்குள் பாய்ந்தது. மினாரா அணைந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா, கரண்ட் போய்விட்டது, பாவம் விருந்தாளி இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று, மகன் சவூதியிலிருந்து கொண்டுவந்த எமர்ஜென்சி விளக்கை எங்கள் பக்கம் திருப்பிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டார். ஹாஜா வேண்டாம் என்று கையை ஆட்டினார். கூப்பிடுகிறார் என்று நினைத்து அந்த அம்மா இன்னொன்றையும் கொண்டுவந்தார். லெப்பைக்குடிக்காட்டில் எமர்ஜென்சி விளக்கு இல்லாத வீடே கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்தடுத்த மாடிகளிலும் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள், எல்லாம் எனக்காக. எல்லாருக்கும் சொல்லி அணைத்து முடிப்பதற்குள் நட்சத்திரம் பாதி ஏறிவிட்டது.

மறுபடியும் பாதி. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? அத்தனை பேரும் நல்லது செய்தவர்கள். அந்த எரிச்சல்தான் உலகத்திலேயே பெரிய எரிச்சல்.

"எறங்குறது நல்லா வந்திருக்கே, ஒரு பக்கத்தை வெச்சே எழுதிப் போடலாமா?" என்று ஹாஜாவிடம் கேட்டேன். வடைத் தட்டோடு மேலே வந்த ஜமீலா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சரக்கா, பிறைய ஒருத்தர் பார்த்தேன்னு சொன்னா நோம்பு ஆரம்பிச்சுடுவோம். ஆனா நோம்பு முடிச்சுப் பெருநாள்னா ஒருத்தர் சொல்லு செல்லாது. ரெண்டு சாட்சி வேணும். நீங்க இப்ப நோம்பு ஆரம்பிச்சுட்டீங்க. பெருநாளுக்கு ஆளு எங்க?"

ஹாஜா என்னைப் பார்த்தார். நான் ஹாஜாவைப் பார்த்தேன். இதைத்தான் அந்தப் பேராசிரியர் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். மூன்று நாள் கழித்து அடுத்த வாய்ப்பு, நான் ஊர் திரும்புமுன் அதுதான் கடைசி. ஹாஜா தன் பழைய கேமராவை மாட்டிக்கொண்டு ஒரு சாட்சி, நான் என் சின்னத் தொலைநோக்கியோடு இன்னொரு சாட்சி என்று பேசினோம்.

"ரெண்டு பேரும் இதே மாடியில நின்னா ஒரே மேகத்தைத்தானே பார்ப்பீங்க, ஒரே வெளக்குத்தானே அடிக்கும்" என்றார் ஜமீலா. அப்படியாக என்னை அரியலூருக்கு அனுப்புவது என்று முடிவானது. அங்கே ஹாஜாவின் சிநேகிதர் செல்வராஜ் இருந்தார். ஸ்டூடியோக்காரர், லெப்பைக்குடிக்காட்டு நிக்காஹ் எல்லாவற்றுக்கும் அவர்தான் போட்டோ.

பெரம்பலூரில் பஸ் மாறினேன். அரியலூர் போகும் வண்டி பாதி வழியில் பஞ்சர் ஆனது. எல்லாரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போயின, ஒவ்வொன்றும் எங்கள் தலையில் கொஞ்சம் வெள்ளை தூவிவிட்டுப் போனது. பக்கத்தில் நின்ற பெரியவர், நான் வெளியூர் என்று தெரிந்ததும் அரியலூர் கதையை எடுத்துவிட்டார்.

"எங்கூர ஜில்லா ஆக்குனாங்கம்மா. போர்டெல்லாம் வெச்சாங்க. வருஷம் ஒண்ணு திரும்புனதும் இல்லேன்னு பெரம்பலூரோடயே சேத்துட்டாங்க. ஊரு அதே எடத்துலதான் இருக்கு, பேருதான் போச்சு."

போன மாதம்தான் புளூட்டோவைக் கோள் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அதற்கும் இதே கதைதான் என்றேன். "அதுவும் மறுபடி ஆவும் பாருங்க" என்று அவர் தைரியம் சொன்னார்.

செல்வராஜ் வீடு ஊரின் ஓரத்தில், சுரங்கத்துப் பக்கம். மாடியில் எதைத் தொட்டாலும் விரலில் சிமெண்ட் தூசி. தொலைநோக்கிக்கு மூடி போட்டுப் போட்டு எடுத்தேன். மேற்கே பிறை சரிந்துகொண்டிருந்தது, தலைக்கு மேல் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஹாஜாவுக்குப் போன் போட்டேன். அங்கேயும் தெளிவு. ரமலான் இரவுகளின் தராவீஹ் தொழுகையை அப்புறம் வீட்டிலேயே தொழுதுகொள்கிறேன் என்றார். பக்கத்து வீட்டு அம்மா தெருவெல்லாம் போய் விளக்கு ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

செல்வராஜ் என் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். நட்சத்திரங்கள் எல்லாம் சின்னச் சின்ன வடைபோலப் பரந்து தெரிந்தன. "அவுட் ஆஃப் போகஸ்ங்க டீச்சர்."

"வேணும்னுதான். கூரா வெச்சா வெளிச்சமெல்லாம் ஒரே புள்ளியில விழுந்து கேமராவுல வழிஞ்சிடும். வழிஞ்சதை அளக்க முடியாது. பரத்தி வெச்சாத்தான் கணக்கு வரும்."

"சரிங்க" என்றார். தலையாட்டிய விதத்தில் மனசு ஒப்பவில்லை என்று தெரிந்தது. கவனிக்காமல் விட்டேன்.

வளைவு இறங்கத் தொடங்கியது. ஜமீலா கொடுத்துவிட்ட கஞ்சியோடு நோன்பு திறந்தது எந்த மூலைக்கு? செல்வராஜின் மனைவி மல்லிகா கீழேயிருந்து மூன்று முறை கூப்பிட்டார். இட்லி, கடலைச் சட்னி, கத்திரிக்காய் கொத்சு என்று படிக்கட்டுவரை வாசனை. எல்லாம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. செல்வராஜைத் திரைக்கு முன் உட்காரவைத்துவிட்டு இறங்கினேன். அந்தக் கொத்சுக்காக நான் இன்னும் இரண்டு இட்லி கேட்டதை மறைக்கப் போவதில்லை.

மேலே வந்தால் செல்வராஜ் முகம் மலர்ந்திருந்தது. திரையில் நட்சத்திரங்கள் ஊசி முனைபோல் கூராக இருந்தன.

"பாருங்க டீச்சர், இப்ப எப்படி இருக்கு. மங்கலாவே இருந்துச்சா, என் கையி சும்மா இருக்கல. லேசா திருப்பிக் குடுத்தேன்."

இருபத்தைந்து வருஷம் மாப்பிள்ளை பெண்ணைக் கூராக எடுத்த கை. அதனிடம் ஒரு மங்கல் படத்தைக் காவலுக்குக் கொடுத்துவிட்டு இட்லி தின்னப் போன என்னை என்னவென்று சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு பழையபடி பரத்தி வைத்தேன். அவர் கூராக வைத்திருந்த நேரம் முழுக்க எண்கள் வழிந்து வீணாகியிருந்தன. அது சரியாக வளைவின் அடிப்பகுதி.

ஆனால் பிறகு வந்த புள்ளிகளைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. இடைவெளிக்கு முன்னால் இருந்த புள்ளியும் பின்னால் வந்த புள்ளியும் ஒரே மட்டத்தில் இருந்தன. நடுவில் ஒரு கோடு இழுத்தேன். தட்டையான கோடு. தாம்பாளம். நட்சத்திரம் முழுதாக ஏறி முடிக்கும்வரை திரையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் செல்வராஜிடம், "கோள்தான்" என்றேன். சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் தார்ப்பாயும் குடையுமாக மாடி ஏறியவளுக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்ல உரிமை உண்டு என்று நினைத்தேன். மல்லிகா சர்க்கரை எடுத்து என் வாயில் போட்டார். செல்வராஜ் ஓடிப்போய் கேமராவைக் கொண்டுவந்து, என்னை மடிக்கணினியோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார். "கடை ஷோகேஸ்ல வைக்கிறேன் டீச்சர். அரியலூர்ல கண்டுபிடிச்ச கெரகம்."

ஹாஜாவுக்குப் போன் போட்டேன்.

"தட்டை" என்றேன். "உங்களுக்கு?"

"எனக்கு முழுசா வந்திருக்கு டீச்சர். ஒரு புள்ளி கூட விட்டுப்போகல."

"அடி?"

"அடியே இல்லீங்க. கூரா எறங்கிக் கூரா ஏறுது."

"உங்க கேமராவுக்கு வயசாயிடுச்சு ஹாஜா."

"ஆயிருக்கலாம். உங்களுக்கு நடுவுல எதுவும் விட்டுப்போகலையே?"

நான் போனை வைத்தேன். பக்கத்தில் செல்வராஜ் எதுவும் புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் லெப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஹாஜாவின் அளவில் என்னென்ன தவறு இருக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே வந்தேன். பெரிய பட்டியல். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் என் மடிக்கணினியை வாங்கி இரண்டு வளைவையும் ஒன்றின் மேல் ஒன்றாகத் திரையில் போட்டார். இறங்குவது அப்படியே பொருந்தியது. ஏறுவது அப்படியே பொருந்தியது. நடுவில் என்னுடையது காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்துக்குள் அவருடைய புள்ளிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கி, ஒரு முனையைத் தொட்டு, ஏறி வந்தன. புனல். பட்டியலில் இருந்த ஒரு தவறு கூட அங்கே இல்லை. நான் கோடு இழுத்த இடத்தில் நான் எதையுமே பார்த்திருக்கவில்லை.

துக்கமாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? ஜமீலாவின் அடுக்களையில் போய் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன். அவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்ததால் இரண்டு பேருக்கும் வசதியாகப் போயிற்று.

"அப்ப அங்க எதுவும் இல்லையா டீச்சரக்கா?"

"இருக்கு. ரெண்டு சூரியன். ஒண்ணையொண்ணு சுத்துது. கோள் இல்ல, அவ்வளவுதான்."

"சாட்சி ரெண்டும் ஒண்ணாத்தானே சொல்லுச்சு?"

"பார்த்த மட்டுக்கும் ஒண்ணாத்தான் சொல்லுச்சு."

"பின்ன என்ன? நோம்பு இருபத்தொம்போதாம் நாளு சாயங்காலம் மாடியேறிப் பார்ப்போம். பிறை தெரியலன்னா யாரும் தெரிஞ்சுதுன்னு சொல்லிட மாட்டோம். புதுத்துணி மடிச்ச மேனிக்கு இருக்கும், கறிக்குச் சொல்லி வெச்சது அப்புடியே இருக்கும். முப்பதாவது நோம்பையும் வெச்சு முடிப்போம். பெருநாள் எங்க போயிடும்?"

அன்றைக்கே குழுவுக்கும் பேராசிரியருக்கும் எழுதினேன். இது கோள் அல்ல, இரண்டு இடங்களிலிருந்து பார்த்தோம், இறங்குவதும் ஏறுவதும் பொருந்துகின்றன, என்னுடையதில் அடி விட்டுப்போனது, ஹாஜாவினுடையதில் அடி கூர்மை. ஹாஜாவின் பெயரை முதலில் போட்டேன். பேராசிரியரிடமிருந்து வந்த பதில் சின்னது. தேறாததை இவ்வளவு சுத்தமாகக் கழித்துக் கொடுப்பவர்கள் குறைவு, இன்னும் சில நட்சத்திரங்கள் அனுப்புகிறேன், பார்ப்பீர்களா என்று கேட்டிருந்தார். எனக்குத் தலைகனம் கொஞ்சம் திரும்பி வந்தது.

கிளம்பும் நாளில் செல்வராஜ் பெரம்பலூர் பஸ் நிலையத்துக்கே வந்துவிட்டார், கையில் ஒரு கவர். உள்ளே அந்தப் படம். மடிக்கணினியைப் பிடித்துக்கொண்டு, உலகத்தையே வாங்கிவிட்டவள்போல் நான் இளித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பல்லும் கூர்மையாகத் தெரிந்தது.

"இதையாச்சும் மங்கலாக்கச் சொல்லாதீங்க டீச்சர்" என்றார். பாவம், அவர் முகத்தில் அசடு வழிந்தது. படத்தை வாங்கிக்கொண்டேன். அந்தச் சிரிப்பு பொய்யில்லை, அதற்குப் போட்ட காரணம்தான் தவறு.

தைப்பிங்கில் இறங்கியபோது மழை. மாதம் முடியும் வரையிலும் மழை. நோன்பு இருபத்தொன்பதாம் நாள் இரவு, பேராசிரியர் அனுப்பியதில் ஒரு நட்சத்திரம் மங்க வேண்டும். தார்ப்பாயை விலக்காமல் ஓரமாக நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஹாஜா. பின்னணியில் மாடியில் கூடியிருக்கும் ஜனங்களின் சத்தம்.

"மேகம் மூடிடுச்சு டீச்சர், பிறை தெரியல. நாளைக்கும் நோம்புதான். அங்க உங்க நட்சத்திரம்?"

"இங்கயும் மூடிக்கிச்சு."

அவர் திரும்பி அதை யாரிடமோ சொன்னார். ஜமீலாவின் குரல் தூரத்திலிருந்து தெளிவாகக் கேட்டது.

"அப்ப டீச்சரக்காவுக்கும் முப்பதுன்னு சொல்லுங்க."